வேரடி மண்ணைப் படித்தவர்

(ஆண்டிபட்டியில் விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் டி. எஸ். சதாசிவன். தொப்பூர் சீதாபதி சதாசிவன் என்பது முழுப்பெயர். 1913இல் பிறந்து 2001இல் மறைந்தவர். சர் சி. வி. ராமன் 1934இல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கி, 1970இல் கண்ணை மூடும்வரை தாமே அதற்குத் தலைவராக இருந்தார். அவருக்கு அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்தவர் சதாசிவன். ஒளியை ஆராய்ந்த மேதை அமர்ந்திருந்த இடத்தில், செடிக்கு வரும் நோயை ஆராய்ந்த ஒருவர். 1974இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். இருந்தும் எம். எஸ். சுவாமிநாதன் பெயரைத் தெரிந்த அளவுக்கு இவர் பெயரைத் தமிழ்நாடு தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஆண்டிபட்டியில் இவரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறிச்சத்தம் கேட்கிறது. அந்தத் தறிக்கு நூல், நூலுக்குப் பஞ்சு, பஞ்சுக்குப் பருத்திக்காடு. வருசநாட்டு மலைக்கும் ஆண்டிபட்டிக் கணவாய்க்கும் இடையில் மழையை நம்பிப் பருத்தி, துவரை, மொச்சை, சோளம் போடும் மண் இது. சதாசிவன் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைக் கொடுத்தது இந்த மானாவாரிப் பயிர்களுக்குத்தான். இங்கிலாந்து போய்ப் படித்தவர், அங்கே நாகரிகமாக இருந்த ஏதாவது ஓர் ஆராய்ச்சியைத் தொடர்ந்திருக்கலாம். சென்னைக்குத் திரும்பி வந்து, பருத்தி ஏன் வாடுகிறது என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் அருமை தெரிய வேண்டுமானால் முதலில் செடியைப் பார்க்க வேண்டும். வாடல் நோய் உங்களுக்குப் புதிதல்ல. முந்தாநாள் வரை நன்றாக நின்ற செடியில் அடி இலைகள் ஓரத்தில் மஞ்சளாகும். பிறகு இலை தொங்கும். தண்ணீர் பாய்ச்சினாலும் நிமிராது. ஒரு வாரம் பத்து நாளில் குச்சி மட்டும் நிற்கும். அப்படி ஒரு செடியைப் பிடுங்கி, வேர்க்கழுத்துக்கு மேலே பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பட்டைக்குக் கீழே, வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டையில், பழுப்புக் கோடுகள் மேல்நோக்கி ஓடும். குறுக்கே வெட்டினால் அதுவே ஒரு பழுப்பு வளையமாகத் தெரியும். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாய்கள் இருக்கும் இடம் அது. பூஞ்சாணம் உள்ளே குடியேறி அந்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடுகிற செடியில் எல்லாம் இந்தக் கோடு இருக்காது. நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரென்று பெருமழை பெய்து தண்ணீர் தேங்கினாலும் பருத்தி ஒரே நாளில் சாய்கிறது. இப்போதைய வீரிய ஒட்டுப் பருத்தியில் இதை நிறையப் பார்க்கிறோம். அந்தச் செடியைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகவே இருக்கும். அது நோய் அல்ல, வேர் திணறியதன் விளைவு. அதற்குப் பூஞ்சாண மருந்தை ஊற்றுவது வீண் செலவு. கடைக்குப் போவதற்கு முன்னால் கத்தியை எடுங்கள் என்பதை இந்த உரையிலிருந்து நீங்கள் எடுத்துப்போனால்கூட எனக்கு மகிழ்ச்சி.

பருத்தியின் வாடல் பூஞ்சாணத்துக்கு 1892இல் அமெரிக்காவில் அட்கின்சன் என்பவர் ஃபியூசேரியம் வாஸின்ஃபெக்டம் என்று பெயரிட்டார். நம் துவரையை வாட்டும் அதன் உறவுக்காரப் பூஞ்சாணத்தை இந்தியாவில் இருந்த எட்வின் பட்லர் 1910இல் ஃபியூசேரியம் உடம் என்று விவரித்தார். அதாவது சதாசிவன் வேலையைத் தொடங்கும்போது குற்றவாளி யார் என்று தெரிந்தாகிவிட்டது. ஆனால், குற்றவாளியின் பெயர் தெரிந்தும் விவசாயிக்கு ஒரு பயனும் இல்லை. ஒரே காட்டில், ஒரே விதையில், ஒரு திட்டில் செடிகள் மடிகின்றன, பக்கத்துத் திட்டில் நிற்கின்றன. பயிரே இல்லாத ஆண்டுகளிலும் பூஞ்சாணம் மண்ணில் சாகாமல் இருக்கிறது. எப்படி?

இந்த இடத்தில்தான் அவர் இங்கிலாந்தில் கற்றது கைகொடுத்தது. அவர் அங்கே வேலை செய்த ரோதம்ஸ்டெட், 1843 முதல் நடக்கும் பழைய வேளாண் ஆராய்ச்சி நிலையம். அங்கே வேர்நோய்ப் பூஞ்சாணங்களைப் பற்றி எஸ். டி. காரெட் ஒரு புதிய சிந்தனையைக் கட்டிக்கொண்டிருந்தார். இளைஞர் சதாசிவன் எடுத்துக்கொண்ட வேலை பார்வைக்கு மிக எளியது. கோதுமை வைக்கோலை வெவ்வேறு மண்ணில் மக்கவிட்டு, அதில் எந்தப் பூஞ்சாணம் முதலில் ஏறுகிறது, எது பின்னால் வருகிறது என்று வரிசையைப் பார்ப்பது. கோதுமைக்கு நோய் தரும் ஒரு ஃபியூசேரியம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. 1939இல் அது கட்டுரையாக வெளிவந்தது. மக்கும் வைக்கோல் ஆராய்ச்சிக்கு உரியது என்று அன்றைக்கு எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! ஆனால், நோய்க்கிருமிக்கு இரண்டு வாழ்க்கை இருக்கிறது என்ற உண்மை அந்த வைக்கோலில்தான் இருந்தது. உயிருள்ள செடிக்குள் ஒரு வாழ்க்கை. பயிர் போன பிறகு, செத்த தண்டிலும் வேரிலும், ஆயிரம் நுண்ணுயிர்களோடு போட்டி போட்டுக்கொண்டு இன்னொரு வாழ்க்கை. காரெட் பிற்பாடு, 1950இல், செத்த பொருளுக்கான இந்தப் போட்டித் திறனை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். உயிருள்ள செடிக்குள் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்த இரண்டாவது வாழ்க்கையில்தான் நம்மால் குறுக்கிட முடியும்.

பருத்திமாரை நினைத்துப் பாருங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் ஆட்டை விட்டு மேய்த்து, மாரைப் பிடுங்கிக் கட்டி, வீட்டுக்கு விறகாகக் கொண்டுவருவது நம் பக்கத்து வழக்கம். அடுப்புக்காகச் செய்ததுதான். ஆனாலும் அந்த வழக்கம் ஃபியூசேரியத்தின் அடுத்த ஆண்டுச் சாப்பாட்டை எடுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்த பிறகு மார் காட்டிலேயே நிற்கிறது, அல்லது வேரை விட்டுத் தண்டை மட்டும் அறுக்கிறார்கள். வாடல் கண்ட காடாக இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். பழுப்புக் கோடு ஓடிய வேரும் அடித்தண்டும் மண்ணுக்குள் கிடந்தால், அதில் பூஞ்சாணம் கெட்டிச் சுவர் கொண்ட வித்துகளாக உருமாறி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். புது வேர் பக்கத்தில் வந்து, அதிலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலமும் பட்டவுடன் முளைக்கும்.

1944இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பு சதாசிவனுக்கு வந்தது. அவருக்கு முன் அங்கே இருந்தவர் பாசி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற எம். ஓ. பி. அய்யங்கார். சதாசிவன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த ஆய்வகத்தை நடத்தினார். அவரிடம் முதலில் வந்த மாணவர்களில் ஒருவர் சி. வி. சுப்பிரமணியன். எந்த மண் நிலையில் பருத்தி வாடல் கூடுகிறது, எதில் குறைகிறது என்று பார்த்து 1950இல் எழுதினார். பிறகு பூஞ்சாணங்களை வகைப்படுத்தும் துறைக்குப் போய் அதில் உலகத் தரத்து அறிஞர் ஆனார். அது தனிக் கதை. இன்னொரு நாள் பேச வேண்டியது.

நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது 1955ஆம் ஆண்டைப் பற்றி. செடி ஏன் வாடுகிறது என்பதற்கு அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. குழாய் அடைத்துக்கொள்கிறது, அதனால் தண்ணீர் ஏறவில்லை என்றது ஒரு கட்சி. பூஞ்சாணம் விஷம் கக்குகிறது, விஷம்தான் இலையைக் கொல்கிறது என்றது மற்றொன்று. சூரிச்சில் இருந்த கெய்மான் விஷக் கட்சியின் தலைவர். ஃபியூசாரிக் அமிலம் என்ற பொருளை அவர்கள் காட்டினார்கள். ஜப்பானில் யபுத்தா 1934இல் கண்டுபிடித்த பொருள் அது. ஆனால், ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கண்ணாடிக் குடுவையில் வளர்த்த பூஞ்சாணம் அந்த அமிலத்தை உண்டாக்குகிறது, சரி. செடிக்குள்ளேயும் உண்டாக்குகிறதா? குடுவையில் செய்வதைச் செடியில் செய்யும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நோயுற்ற செடியிலிருந்தே எடுத்துக் காட்டினால்தான் அதை நோயின் விஷம் என்று ஒப்புக்கொள்வோம் என்று அமெரிக்காவில் டைமண்டும் வாகனரும் 1953இல் விதி வகுத்திருந்தார்கள்.

அதைக் காட்டியது சென்னை. சதாசிவன் ஆய்வகத்தைச் சேர்ந்த லட்சுமிநாராயணன், டி. சுப்பிரமணியன் இருவரும் வாடிய பருத்திச் செடிகளிலிருந்தே ஃபியூசாரிக் அமிலத்தைப் பிரித்துக் காட்டினார்கள். 'நேச்சர்' இதழில் 1955இல் அந்தச் சிறு கட்டுரை வந்தது. பெரிய பெரிய கருவிகள் இருந்த நாடுகள் காத்திருந்த விடையை, நம்மூர்ப் பருத்திச் செடியை வைத்து நம் பிள்ளைகள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு கல்யாணசுந்தரமும் வெங்கடராமும் அந்த அமிலம் செடிக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போவதையும் எழுதினார்கள். 1961இல் வாடல் நோயின் உடலியங்கியல் குறித்து உலகத் தாவர அறிவியலாளர்கள் படிக்கும் ஆண்டு மதிப்பீட்டு நூலில் விரிவான கட்டுரை எழுதச் சதாசிவனை அழைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே உயிரியலுக்கான பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்திருந்தது. எல்லா வாடலுக்கும் அந்த ஓர் அமிலமே காரணமா என்ற விவாதம் பிற்காலத்தில் நீண்டது. குழாய் அடைப்பும் விஷமும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதுதான் நியாயமான முடிவு. விவாதம் நீண்டதால் அந்தக் கட்டுரையின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை.

மாணவர்களுக்காக ஒரு விஷயம். 1997இல், அதே சூரிச்சில், டஃபியும் டெஃபாகோவும் ஒன்றைக் கண்டார்கள். வேரைக் காக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒரு கிருமிக்கொல்லியைச் சுரக்கிறது. ஃபியூசாரிக் அமிலம் அந்தச் சுரப்பையே நிறுத்திவிடுகிறது! செடியைக் கொல்லும் விஷம் என்று நாம் நினைத்திருந்தது, மண்ணுக்குள் நடக்கும் சண்டையில் ஓர் ஆயுதமும்கூட. செடியை மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

பக்கத்தில் யார் என்பதுதான் சதாசிவன் ஆய்வகத்தின் இன்னொரு பெரிய வேலை. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணுக்கு வேர்மண்டலம் என்று பெயர். 1904இல் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் அந்தக் கருத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சிறு இடத்தில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம், ஓரடி தள்ளி இருக்கும் மண்ணில் உள்ளதைவிட மிக அடர்த்தி. ஆய்வகத்தில் அக்னிஹோத்ருடு துவரையை எடுத்துக்கொண்டார். வாடலுக்கு எளிதில் ஆளாகும் துவரை ஒரு பக்கம், வாடலைத் தாங்கும் துவரை ஒரு பக்கம். இரண்டின் வேர்மண்ணையும் ஒப்பிட்டார். தாங்கும் துவரையின் வேரைச் சுற்றி, ஃபியூசேரியத்தை அடக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் மிகுதியாக இருந்தன. முதல் மழையில் மண் வாசனை எழுகிறதே, அதைத் தருபவை இவைதான். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும் இந்தக் குடும்பத்திலிருந்துதான்.

இதில் அடங்கியிருப்பது எத்தனை பெரிய செய்தி என்று பாருங்கள். ஒரு துவரை ரகம் நோயைத் தாங்குகிறது என்றால், அந்தக் குணம் விதையில் இருக்கிறது, பரம்பரையாக வருகிறது. அது மரபியல். அந்த விதையிலிருந்து வந்த வேர் எதைக் கசியவிடுகிறதோ, அதற்கேற்ற நுண்ணுயிர்கள் கூடுகின்றன. அது மண் நுண்ணுயிரியல். அந்தக் கூட்டம் பூஞ்சாணத்தைத் தடுப்பதால் செடி பச்சையாக நிற்கிறது. அது தாவர நோயியல். நம் பல்கலைக்கழகங்களில் இந்த மூன்றும் மூன்று கட்டடங்களில் இருக்கின்றன. மூன்று பாடத்திட்டம், மூன்று தேர்வு. துவரைச் செடிக்கு அது தெரியாது. சதாசிவன் ஒரே கூரையின் கீழ் மூன்றையும் கேட்டார் என்பதே என்னைப் பொறுத்தவரை அவருடைய மிகப் பெரிய சாதனை. இலையில் யூரியாக் கரைசல் தெளித்தால் நெல்லின் வேரடி நுண்ணுயிர்கள் மாறுகின்றன என்று 1959இல் அதே ஆய்வகம் காட்டியது. இலையில் தெளிப்பது இலையோடு நின்றுவிடுவதில்லை. மருந்து தெளிப்பானைத் தோளில் மாட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மரபியல் பக்கத்தில் இந்தப் பூஞ்சாணம் இன்னொரு புதிர் போட்டது. இந்தியாவில் இருந்த பருத்தி வாடல் பூஞ்சாணம் நம் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகளைத்தான் அழித்தது. அமெரிக்க இனத்தைப் பெரும்பாலும் தொடவில்லை. அமெரிக்காவில் இருந்த பூஞ்சாணமோ அந்த ஊர்ப் பருத்தியையே தாக்கியது. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மரபணுவில் இருந்தது. 2010இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு வியப்பான விளக்கம் தந்தது. ஃபியூசேரியத்தில் நோய் உண்டாக்கும் மரபணுக்கள் சில தனிக் குரோமோசோம்களில் இருக்கின்றன. அந்தக் குரோமோசோம் ஒரு பூஞ்சாணத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே தாவ முடியும். தக்காளியை ஒன்றும் செய்யாத ஒரு சாதுப் பூஞ்சாணத்துக்கு அதைக் கொடுத்தபோது, அது தக்காளியை வாட்டும் பூஞ்சாணமாக மாறியது. மண்ணில் சாதுவும் பொல்லாததும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. இன்றைய சாது நாளைக்கும் சாதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். பருத்தியில் இப்போது எங்கும் அமெரிக்க இன பி.டி. ஒட்டு ரகங்கள்தான். 2002இல் அனுமதி கிடைத்து, சில ஆண்டுகளில் நாடு முழுதும் பரவின. அதனால் பழைய வாடல் நோய் பருத்தியில் பேச்சாக இல்லை. ஆனால், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் போய் வாழைத்தோட்டத்துக்காரர்களைக் கேளுங்கள். அங்கே அதே ஃபியூசேரியம், வாழைக்கென்று தனி வகையாக, காத்திருக்கிறது. மத்திய அமெரிக்காவில் குரோ மிஷெல் என்ற வாழையை வணிகத்திலிருந்தே ஒழித்தது இதுதான். நம் ரஸ்தாளியைத் தோப்புத் தோப்பாகக் காலி செய்ததும் இதுதான். காவண்டிஷ் வகை தாங்கும் என்று நம்பி அந்த வகையைச் சேர்ந்த ஜி 9 போட்டோம். காவண்டிஷையும் தாக்கும் வீரியமான பூஞ்சாணம் தேனி மாவட்டத்திலேயே இருப்பதைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தார் பதிவு செய்தார்கள். அதைவிடக் கொடிய டி.ஆர். 4 என்ற வகை பீகாரில் வந்துவிட்டது. மண் ஒட்டிய ஒரு கன்றோ, கழுவாத ஒரு மண்வெட்டியோ, டிராக்டர் டயரோ போதும் அது ஊர் விட்டு ஊர் போக. திசு வளர்ப்புக் கன்று வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்காமல், நம்பகமான இடத்தில் வாங்குங்கள். வாடல் கண்ட தோட்டத்திலிருந்து கீழ்க்கன்று கொண்டுவராதீர்கள், அது சொந்த மச்சான் தோட்டமாகவே இருந்தாலும்.

வாடலைத் தடுக்க, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணம், முன்பு சொன்ன சூடோமோனாஸ் ஆகியவற்றின் பாக்கெட்டுகளை உங்களில் பலர் வாங்கிப் பயன்படுத்துகிறீர்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து இடச் சொல்கிறது. அந்தத் தொழு உரத்தை விட்டுவிட்டுத் தூளை மட்டும் தூவிவிட்டு, பயன் இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். சதாசிவன் வைக்கோலில் படித்த பாடம் இங்கேதான் வருகிறது. மக்கும் பொருள் இல்லாத மண்ணில் நல்ல பூஞ்சாணமும் குடியிருக்காது. பாக்கெட்டில் இருப்பது உயிர். அதற்குச் சாப்பாடு வேண்டும், ஈரம் வேண்டும், வெயிலில் காயாமல் இருக்க வேண்டும். கடைக்காரர் தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் வைத்திருந்த பாக்கெட்டில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

கல்லூரி மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்று. செய்முறைத் திட்டத்துக்கு இணையத்தில் தலைப்புத் தேடாதீர்கள். உங்கள் சொந்த ஊர்க் காட்டில் வாடல் கண்ட ஒரு திட்டுக்குப் போங்கள். செத்த செடியின் வேர்மண்ணையும், அதே திட்டில் உயிரோடு நிற்கும் செடியின் வேர்மண்ணையும் தனித்தனிப் பையில் எடுங்கள். இரண்டையும் வளர்தட்டில் வளர்த்து எது எங்கே அதிகம் என்று எண்ணுங்கள். சதாசிவனின் மாணவர்கள் தொடங்கியது இந்த அளவு எளிய வேலையில்தான். வெங்கடராம் பிறகு ஆனைமலைப் பக்கம் தேயிலை ஆராய்ச்சிக்குப் போனார், அக்னிஹோத்ருடு அஸ்ஸாம் தேயிலைக்குப் போனார். வேரடி மண்ணைப் பார்க்கப் பழகிய கண் எந்தப் பயிருக்கும் உதவியது.

விவசாயிகளிடமும் ஒன்று கேட்கிறேன். துவரையிலோ மொச்சையிலோ வாடல் விழுந்த திட்டில், சுற்றிலும் எல்லாம் மடிந்த பிறகும் ஒன்றிரண்டு செடி பச்சையாக நிற்கும். அதைக் களையோடு களையாகப் பிடுங்கிவிடாதீர்கள், மற்றதோடு சேர்த்து அடித்துவிடவும் செய்யாதீர்கள். ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அதன் காயைத் தனியாகப் பறித்து, தனியாகக் காயவைத்து, எந்தக் காடு, எந்த மாதம் என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். ஒட்டுப் பருத்தியில் இது பலிக்காது, அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். துவரையிலும் மொச்சையிலும் பலிக்க வாய்ப்பு உண்டு. வைகை அணையில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் நமக்குப் பேருந்து தூரம்தான். அடுத்த அறுவடையில் அந்த விதையில் ஒரு படியும், அந்த வேரடி மண்ணில் ஒரு கைப்பிடியும் எடுத்துக்கொண்டு போய் அங்கே கொடுங்கள்.